வெயில் படாத பக்கம்

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மாவு அரைத்தேன். மிளகாய் காயவைக்க மாடிக்குப் போனபோது தெருவில் மஞ்சள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் சீசன் வந்துவிட்டது.

எங்கள் மாடியில் நின்றால் சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்களில் இரண்டு தெரியும். திருவல்லிக்கேணியில் எங்கள் சந்திலிருந்து அங்கே நடந்தால் பன்னிரண்டு நிமிடம். கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருடத்தில் நான் அந்தக் கதவுக்குள் போனதில்லை. வந்த முதல் மாதம் அவர் சொன்னார், "ஒரு மேட்ச் உன்னைக் கூட்டிட்டுப் போறேன் கோதை, டிவியில பார்க்கறதெல்லாம் ஒண்ணுமே இல்ல." அப்புறம் ஆதிரை வயிற்றில் வந்தாள். அப்புறம் கூட்டம் என்றார். பிறகு விலை என்றார்.

எனக்கு கிரிக்கெட் தெரியாது. பெரிய ஆசையும் இல்லை. எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மிளகாயை எடுக்க மறந்துவிட்டேன். நல்லவேளை, பனி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் மதியம் யாரும் வருவதில்லை. வங்கி கொடுத்த இந்த டைரியை எழுதுவதற்கு அதுதான் நேரம்.

காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று காபியை நீட்டினேன். திரும்பவே இல்லை. கையில் டம்ளர் சுடச்சுட எவ்வளவு நேரம் நிற்பது? மேசையில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சற்று நேரத்தில் டம்ளர் விழும் சத்தம் கேட்டது. கை தட்டிவிட்டதாம். "இங்க வச்சேன்னு சொல்ல மாட்டியா?" என்று என்மேல் எரிச்சல் வேறு.

கூட்டுறவு வங்கியில் இருபத்தாறு வருடம் பணக் கவுண்டரில் உட்கார்ந்தவர். போன வருடம் தானாகவே கேட்டு ரெக்கார்டு அறைக்கு மாறிக்கொண்டார். அங்கே தூசிதான் இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு ஸ்கூட்டரையும் விற்றுவிட்டார், பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று. ஐம்பத்திரண்டு வயதில் எல்லா ஆண்களும் இப்படித்தான் சுருங்கிப்போவார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 22, சனி

இன்று முதல் ஆட்டம். இந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே போக முடியாதவர்கள் எங்கள் மாடியில் கூடுவார்கள். எதிர் போர்ஷன் ஃபரீதா அக்கா வெங்காய பஜ்ஜி கொண்டுவருவார். அவர் கணவர் ஜமால் பாய் டேப்லெட்டைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்துவைப்பார். ஆனால் அதில் படம் அரை நிமிடம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஸ்டேடியத்திலிருந்து கூச்சல் வந்துவிடும். படத்தில் பந்து வீசுகிறவர் ஓடவே ஆரம்பித்திருக்க மாட்டார், காற்றில் விக்கெட் விழுந்துவிட்டிருக்கும்.

அந்தக் கூச்சலைப் படிப்பதில் எங்கள் வீட்டுக்காரர் மன்னன். படத்துக்கு முதுகைக் காட்டி, கம்பங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார்.

"நாலு," என்பார். "பவுண்டரில ஒருத்தன் விழுந்து பிடிக்கப் பார்த்து விட்டுட்டான்." அரை நிமிடம் கழித்து டேப்லெட்டில் ஒருவர் விழுந்து, பிடிக்கப் பார்த்து, விடுவார்.

"ஏன் சீலன், உள்ள உனக்கு ஆள் இருக்கா?" என்றார் ஜமால் பாய்.

"காது இருக்கு பாய்."

"எனக்கும் ரெண்டு இருக்கு. கண்ணாடி மாட்டத்தான் ஆகுது."

எல்லோரும் சிரித்தோம். முன்பெல்லாம் படத்தைப் பார்த்தபடிதான் சொல்வார். இந்த முதுகு காட்டுவது ஒன்றிரண்டு வருடமாகத்தான். ஒரு கெத்து.

மார்ச் 23, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. மூன்று குடம் ஃபரீதா அக்கா கொடுத்தார்.

மார்ச் 28, வெள்ளி

ஏப்ரல் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம் இருக்கிறது. மறுநாள் புத்தாண்டு விடுமுறை. சாப்பிடும்போது மெதுவாக எடுத்தேன்.

"நாம போலாமா?"

"எங்க?"

"மேட்சுக்கு."

அவர் கை ரசத்தில் நின்றது. "டிக்கெட் எவ்ளோ தெரியுமா? கடைசிக் கடைசி சீட்டே ஆயிரத்தெழுநூறு. நான் காலேஜ்ல படிக்கறப்ப விடியக்காலையில வரிசையில நின்னா பஸ் காசுக்குக் கொஞ்சம் மேல. அதே சிமென்ட், அதே வெயில். எவனோ சம்பாதிக்க நாம ஏன் கொட்டணும்?"

"ஒரு தடவைதானே."

"ஒரு தடவைன்னுதான் எல்லாரும் குடுக்கறான். அதான் ஏறுது."

அவர் சொல்வதில் தப்பில்லை. ஆட்டம் உள்ள நாட்களில் ஹைதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விமானத்தில் வருகிறார்கள். எங்கள் சந்தில் கார் நிறுத்த இருநூறு வாங்குகிறார்கள். ஜமால் பாய் சொல்வார், "மேட்ச் நம்ம தெருவுல, டிக்கெட் வெளியூர்ல. நமக்கு ஹாரன் சத்தம் மட்டும் ஃப்ரீ."

ஆனாலும் இவர் கோபத்தில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்தது. விலையைப் பற்றிப் பேசும் கோபம் அப்படி இருக்காது. போன மாதம் சமையல் எண்ணெய் ஏறியபோது இந்த அளவுக்குப் பேசவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வாங்கிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு இணையத்தில் திறந்தார்கள். நூலகத்தில் ஒரு கணினியில் நான், திருச்சி விடுதியிலிருந்து ஆதிரை ஒரு போனில். எனக்கு வரிசையில் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சமாவது இடம். திரையில் ஒரு குட்டி மனிதன் கோட்டின்மேல் நடந்துகொண்டேயிருந்தான். அவன் பாதி தூரம் போவதற்குள் நான் மூன்று பேருக்குப் புத்தகம் கொடுத்து, ஒருவருக்கு அபராதம் போட்டேன். ஆயிரத்தெழுநூறு டிக்கெட் எட்டு நிமிடத்தில் தீர்ந்தது.

பதினொன்றே காலுக்கு ஆதிரை கூப்பிட்டாள். "அம்மா, நான் உள்ள போயிட்டேன். நாலாயிரம்தான் இருக்கு. ரெண்டு. சீக்கிரம் சொல்லு."

"எந்தப் பக்கம்?"

"மேட்ச் பார்க்க எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா?"

"ஏப்ரல் வெயில்டி. மூணரை மணிக்கு மேட்ச். உங்கப்பாவுக்குத் தலைவலி வரும். நிழல் எந்தப் பக்கம்?"

மேற்குப் பக்கம், நட்ட நடுவில், கூரைக்குக் கீழே. நாலாயிரத்தில் பாதி அந்த நிழலுக்குத்தான் இருக்கும். தேர்வு வேலைக்காகக் கல்லூரி கொடுத்த படித்தொகை அப்படியே போனது. வருத்தமே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

"அப்பா கிட்ட இப்ப சொல்லாத," என்றேன்.

"கேன்சல் பண்ணச் சொல்வாரா?"

"பண்ண முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு சொல்றேன்."

ஏப்ரல் 3, வியாழன்

ஆதிரை என் போனுக்கு அனுப்பிய டிக்கெட்டை அச்சடித்து அகராதியின் நடுவில் வைத்திருக்கிறேன். இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 5, சனி

இன்று சொன்னேன். மதியம், வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது. அகராதியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து, மெதுவாக நகர்த்தி நகர்த்திப் படித்தார். விலைக்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"வெயில் படாத பக்கம். நடு மைதானத்துக்கு நேரா. நானே பார்த்து எடுத்தேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தாளை மடித்தார். அகராதிக்குள் வைத்தார். எழுந்து போய் முகம் கழுவினார். வாழைப்பூ முழுவதும் ஆய்ந்து முடிக்கும்வரை திரும்பி வரவில்லை. வந்தவர் தரையில் என் எதிரே உட்கார்ந்தார்.

"கையை மூடு," என்றார். "இப்படி. கொஞ்சம் ஓட்டை விடு. ஒரு கண்ணை மூடிட்டு இன்னொரு கண்ணுல வச்சுப் பாரு."

பார்த்தேன். அவர் மூக்கும் மீசையும் தெரிந்தன.

"வாழைப்பூ தெரியுதா?"

"இல்ல."

"அவ்ளோதான் கோதை. எனக்கு அவ்ளோதான் தெரியுது. வலது கண்ணுல அதுவும் இல்ல."

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கண்ணில் நீர் அழுத்தமாம். வலிக்காதாம். ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, தெரியவரும்போது பாதி போய்விட்டிருக்குமாம். ஒன்றரை வருடமாக அவருக்குத் தெரியும். மருந்துக் குப்பி வங்கியின் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. காலையில் போனதும் ஒரு சொட்டு, கிளம்பும் முன் ஒரு சொட்டு. விடுமுறை நாளில்? சட்டைப் பையில் எடுத்துவந்து, குளியலறையில். அவ்வளவு நேரம் குளிக்கிறாரே என்று நான் எத்தனை முறை கதவைத் தட்டியிருக்கிறேன்.

"போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொல்றார். காப்பாத்திட்டுத்தான் இருக்கேன்," என்றார். ஏதோ சேமிப்புக் கணக்கைப் பற்றிச் சொல்வதுபோல.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவ."

"அதுல என்ன?"



அப்புறம் மைதானத்தை விளக்கினார். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து இடமிருந்து வலம் பாயும். அவர் ஓட்டைக்குள் ஒரு நொடி வந்து காணாமல் போகும். தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த பந்து. "டிவியாவது சின்னது, உள்ள அடங்கும். அங்க போனா புல்லுதான் பார்க்கணும். நாலாயிரம் குடுத்துப் புல்லு."

ஆக, இத்தனை நாள் விலையைச் சொன்னது இதை மறைக்கத்தான். விலை இல்லாவிட்டால் வேறெதைச் சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். இந்த இரண்டு சீசனும் அது ஏற ஏற அவருக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

காலை முழுவதும் கையைக் குவித்துக் கண்ணில் வைத்துக்கொண்டு வீட்டில் நடந்தேன். கிரைண்டரில் முட்டிக்கொண்டேன். தோசையின் ஒரு பக்கம் கருகியது தெரியவில்லை. ஃபரீதா அக்கா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"என்னாச்சு கோதை, கண்ணுல தூசியா?"

"ஆமாக்கா," என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

நூலகம். இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். ரெக்கார்டு அறை, ஸ்கூட்டர், காபி டம்ளர், மாடியில் முதுகு. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. தெரியாது என்று எழுதினால் அது பொய். தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒரு மனிதர் சுருங்கிப்போகிறார் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

எப்படியோ ஜமால் பாய்க்கு டிக்கெட் விஷயம் தெரிந்துவிட்டது. கண் விஷயம் தெரியாது.

"வித்துடு சீலன். நாலாயிரத்துக்கு எட்டாயிரம் தர ஆள் இருக்கு. ஐடி கம்பெனிப் பையன், கண்ணை மூடிட்டு வாங்குவான்."

கண்ணை மூடிக்கொண்டு என்றதும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். பாய் குழம்பிப்போய் நின்றார்.

அவர் போன பிறகு இவர் சொன்னார். "வித்துடலாம் கோதை. உன் பணம் உனக்கு வந்துடும்."

"நான் பணத்துக்காக வாங்கல. நீங்க சொன்னீங்க, கூட்டிட்டுப் போறேன்னு. நான் பத்தொன்பது வருஷமா காத்திட்டு இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவருக்கும். நேராக என்னைப் பார்த்தார். ஓட்டைக்குள் நான் முழுவதும் இருந்திருப்பேன்.

"சரி. புல்லு பார்க்கலாம்," என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாடிக்கு வந்து எழுதுகிறேன். ஸ்டேடியத்துக் கம்பங்களில் விளக்கு இன்னும் எரிகிறது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து அரைமணி ஆகிறது. மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு நிமிட வழிக்கு நாற்பது நிமிடம். கூட்டத்தில் அவர் முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன். விலக்கவில்லை. எங்கள் கேட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு வரிசை நீளமாக வெயிலில் நின்றது. அது மைதானத்தின் முனைப்பக்கத்து கேட்.

"அந்தப் பக்கம் உட்கார்ந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பந்து போடறவன் முதுகுக்குப் பின்னால. எல்லாம் நேர்க்கோட்டுல இருக்கும். ஆனா மண்டை காயும்."

நான் நின்றுவிட்டேன். "நேர்க்கோடுன்னா, உங்க ஓட்டைக்குள்ள அடங்குமா?"

அவரும் நின்றார். அதை அவர் ஏற்கெனவே யோசித்திருக்கிறார், கேட்கத்தான் மனமில்லை என்று முகத்தில் தெரிந்தது. நானோ வெயிலுக்குப் பயந்து கூடுதல் பணம் கொடுத்து அவருக்குப் பந்து தெரியாத இடத்தைத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறேன்.

வரிசையில் ஒருவர் பத்து வயதுப் பெண்ணோடு நின்றார். வேலூர்க்காரர். அந்தப் பெண் கழுத்தெல்லாம் வேர்க்குரு, சொறிந்துகொண்டேயிருந்தாள். நானே போய்க் கேட்டேன். "சார், எங்க டிக்கெட் நிழல்ல. நாலாயிரம் ரூபா சீட்டு. உங்களோடத மாத்திக்கிறீங்களா?"

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எங்களோடது ஆயிரத்தெழுநூறும்மா. மீதி?"

"மீதி வேணாம்."

அதுதான் தப்பாகிவிட்டது. அவர் பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாலாயிரம் ரூபா டிக்கெட்டைக் குடுத்துட்டு எவனாவது வெயில்ல உட்காருவானா? இது போலி டிக்கெட்தானே? உள்ள போனா ஏற்கெனவே ஸ்கேன் ஆயிடுச்சும்பான். போன மேட்ச்ல என் மச்சான் ஏமாந்தான்."

வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "போலீஸைக் கூப்பிடுங்க சார்," என்றார். காரணம் தெரியும், ஆனால் நான் சொல்லக் கூடாது. அது என்னுடைய விஷயம் இல்லை.

"வா போலாம்" என்று இவர் சொல்வார் என்று நினைத்தேன். ஒரு அடி முன்னால் வைத்தார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார்," என்றார். சாதாரணக் குரல், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "வலது கண்ணு இல்ல. இடது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம். பக்கத்துல போறது தெரியாது. நேரா வர்றது மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரம்மா அது தெரியாம டிக்கெட் எடுத்துட்டாங்க. தப்பு அவங்களோடது இல்ல, நான் சொல்லல."

போலீஸைக் கூப்பிடச் சொன்னவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்தான் பேசினாள். "அப்பா, ஆன்ட்டி போன்ல இருக்கற டிக்கெட்டை நாமளே டெலீட் பண்ணிட்டா அப்புறம் ஏமாத்த முடியாதுல்ல?"

"சும்மா இரு பாப்பா," என்றார் அவர். ஆனால் நான் போனை அவள் கையில் கொடுத்தேன். அழித்தாள். தாளை மாற்றிக்கொண்டோம். அவர் மீதிப் பணத்துக்குச் சட்டைப் பையைத் தடவினார். இவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கடைசியில் அப்பாவும் பெண்ணும் தங்கள் மஞ்சள் தொப்பிகளைக் கழற்றி எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவளுடையது எனக்குச் சின்னது.

உள்ளே படியேறி மேலே வந்தபோது அந்தப் பச்சை. டிவியில் பார்ப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்னது சரிதான்.

முதலில் நான் வாயால் சொல்லிப் பார்த்தேன். "அடிச்சிட்டான். அங்க போகுது."

"அங்கன்னா எங்க?"

"அந்தக் குண்டா ஒருத்தர் நிக்கறாரே, அவர்கிட்ட."

பின்வரிசையில் சிரித்தார்கள். "அக்கா கமெண்ட்ரி சூப்பர்," என்றது ஒரு குரல். நான்கு ஓவர் அப்படிப் போனது. நேராக வருவது அவருக்குத் தெரிந்தது, பக்கத்தில் போனது தொலைந்தது. பிறகு, எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை, நான் அவர் தாடையைப் பிடித்தேன். பந்து இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திருப்பினேன். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். அத்தனை ஆயிரம் பேர் நடுவில். தெருவில் என்னோடு சேர்ந்து நடப்பதற்கே கூச்சப்படுகிற மனிதர், குழந்தைபோல முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்தது ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்தது. விரலில் குத்தியது.

"கொஞ்சம் வேகமாத் திருப்பு. பந்து போய் உட்கார்ந்துட்டு நமக்காகக் காத்திருக்கு."

"கழுத்து சுளுக்கிடும்."

"சுளுக்கட்டும்."

பதினேழாவது ஓவர். நம் பக்கத்து ஆள் ஒருவர் எதிர்முனையிலிருந்து தூக்கி அடித்தார். நான் தாடையைத் திருப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம். இருக்கு. தெரியுது."

எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"வருது கோதை. வந்துட்டே இருக்கு. பெருசாயிட்டே வருது."

பந்து எங்களுக்கு நான்கு வரிசை கீழே விழுந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை. அந்த மூன்று நான்கு நொடியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறதென்று நாற்பத்தைந்து வயதில்தான் தெரிகிறது.

சற்று நேரத்தில் போன் அடித்தது. ஃபரீதா அக்கா.

"ஏண்டி, இப்பத்தான் எங்களுக்குப் படம் வந்துச்சு. ஆறா? சத்தம் முன்னாடியே வந்துச்சு. உன் வீட்டுக்காரர் இல்லாம என்னன்னே புரியல. எங்க ஆளு அவுட்டுன்னு சொல்லி மாடியே சிரிச்சுடுச்சு. ஆனா ஒண்ணு, அதுல உன் குரல் தனியாக் கேட்டுச்சு."

"சும்மா சொல்லாதீங்கக்கா. முப்பதாயிரம் பேர் கத்தினாங்க."

"எனக்குக் கேட்டுச்சுன்னா கேட்டுச்சு."

ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். வழியெல்லாம் அவர் அந்த ஆறு ரன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மாடியில் பஜ்ஜி மிச்சமிருந்தது. ஜமால் பாயிடம் அவரே கண்ணைப் பற்றிச் சொன்னார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அதான் காது எல்லாத்தையும் எடுத்துக்கிச்சா?" என்றார். டேப்லெட்டை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ எதிர்வீட்டு மரத்திலிருந்து. பாயசத்துக்குப் பால் கொஞ்சம் திரிந்துவிட்டது, சமாளித்தேன். இருவருக்கும் மூக்கு வெயிலில் உரிந்திருக்கிறது.

சட்டைப் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, நம் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இனி விடுமுறை நாளில் சட்டைப் பை வேண்டாம். எட்டு மணிக்கு நான்தான் விட்டேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"பந்தைத் தவற விட்டுட்டியே," என்றார்.

அப்புறம் காபி போட்டேன். இதுவரை பக்கத்திலிருந்துதான் நீட்டிக்கொண்டிருந்தேன். இன்று சுற்றிக்கொண்டு போய் அவருக்கு நேர் எதிரே நின்றேன். கொஞ்சம் தூரத்திலிருந்தே மெதுவாக நடந்து வந்தேன். டம்ளர் பக்கத்தில் வருவதற்கு முன்பே அவர் கை நீண்டுவிட்டது.